கானாவுக்குப் பச்சை அடித்த நாள்

ஆப்பிரிக்காவில் இருக்கும் கானா என்கிற நாடு என்றைக்கும் ஏழையாகவே இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மாமியார், இன்னொருவன் என் கொழுந்தன். அது எப்படியாவது முன்னுக்கு வந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான் ஒருத்தி. ஏழையாக இருக்க ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதில் யாருக்கும் கானாக்காரர்கள் மேல் கோபதாபம் எதுவும் கிடையாது. எல்லாம் நான் வேலை பார்க்கும் கம்பெனி போட்ட விதி.

எங்கள் கம்பெனி தண்ணீர் பம்ப் செய்கிறது. செய்த பம்புகள் பல நாடுகளுக்குப் போகின்றன, போன இடத்தில் ரிப்பேர் ஆகின்றன. ரிப்பேர் பார்க்க அங்கங்கே ஒரு கிடங்கும் கிடங்குக்கு ஒரு மெக்கானிக்கும் உண்டு. கானா கிடங்கின் மெக்கானிக் என் கணவர். இப்படி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்காக முதலாளி ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். ஒரு நாட்டின் மொத்த வருமானத்தை அங்கே வாழ்கிறவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு இவ்வளவு என்று வரும் இல்லையா, அந்தத் தொகை கோட்டுக்குக் கீழே இருந்தால் அந்த நாடு 'சிரமப் பணியிடம்'. அங்கே போகிறவருக்குச் சம்பளத்தில் பாதி மேற்கொண்டு கிடைக்கும், ஆனால் குடும்பத்தைக் கூட்டிப்போகக் கூடாது. கோட்டுக்கு மேலே இருந்தால் 'சாதாரணப் பணியிடம்'. மேற்கொண்டு காலணா கிடையாது, ஆனால் குடும்பத்தோடு இருக்கலாம், வீடும் டிக்கெட்டும் கம்பெனியே தரும்.

ஆக, முதலாளி கணக்கில் ஒரு பெண்டாட்டி என்பவள் பாதிச் சம்பளத்துக்குச் சமம். நான் அந்தக் கம்பெனியிலேயே முழுச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு அப்போதே உறுத்தும்.

என் வேலை என்னவென்றால், வருஷா வருஷம் அந்தப் பட்டியலைத் தயார் செய்வது, நடுவில் ஏதாவது நாட்டின் கணக்கு மாறினால் அப்போதே திருத்துவது. நாட்டின் பெயர், பக்கத்தில் தலைக்கு வருமானம், அதற்குப் பக்கத்தில் நிறம். கோட்டுக்குக் கீழே என்றால் சிவப்பு, மேலே என்றால் பச்சை. கானாவும் அதை ஒட்டியிருக்கும் டோகோவும் அடுத்தடுத்த வரிசையில் வரும். இரண்டு நாட்டிலும் எங்களுக்குக் கிடங்கு உண்டு. டோகோ கிடங்கு இருக்கும் தலைநகரம் எல்லையை ஒட்டியே இருக்கிறது, எங்கள் கானா கிடங்கும் எல்லையை ஒட்டித்தான் இருந்தது. நடுவில் ஒரு கேட், அவ்வளவுதான். டோகோ ரொம்பவே சிவப்பு. கானா அதைவிடக் கொஞ்சம் மேலே, ஆனால் அதுவும் சிவப்புதான். இரண்டு மார்க்கில் ஒவ்வொரு தடவையும் பெயிலாகும் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி நான் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. என் கணவர் ஒரு லீவில் வந்தார், கல்யாணம் செய்துகொண்டார், லீவு முடிந்து போய்விட்டார். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு மாசம் வருவார். அந்த ஒரு மாசத்தில் முதல் வாரம் அவருக்குக் கூச்சம். கடைசி வாரம் பெட்டி கட்டும் பரபரப்பு. நடுவில் இருக்கும் நாட்களில் வீட்டுக்கு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள், அவர் கானாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். நானும் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்தபோது என் கணவர் என்னைக் காட்டி, "இவங்களும் கம்பெனிலதான் இருக்காங்க" என்றார். இவங்க என்று என்னைத்தான் சொன்னார். மரியாதை தெரிந்த மனுஷன், அதில் குறை சொல்ல முடியாது.

சிரமப் பணியிடத்துக்கான அந்தப் பாதிச் சம்பளத்தில்தான் வீட்டுக்கு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. மாடி கொழுந்தனுக்கு. அவனுக்கு இன்னும் வேலையே கிடைக்கவில்லை, அதற்குள் எந்த மூலையில் கட்டில் போடுவது என்று முடிவு செய்துவிட்டான். மாமியார் கீழே நின்று கொத்தனாரை விரட்டுவார். விரட்டுகிற வேகத்தில் வருஷத்துக்கு ஒரு சுவர் எழும்பியது.

பட்டியல் முடிக்கிற நாளில் வீட்டுக்குள் நுழையும்போதே மாமியார் வாசலில் நிற்பார்.

"என்னம்மா, இந்த வருஷமும் சிரமம்தானே?"

"சிரமம்தான் அத்தை."

"நல்லதாப் போச்சு."

அவர் உச்சி குளிர்ந்து உள்ளே போவார். நான் முகம் கழுவப் போவேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தால் சாப்பாடு ருசிக்கும். ஒரு நாட்டில் கோடிக்கணக்கான பேர் கஷ்டப்படுவது எங்கள் வீட்டில் நல்லதாகப் போகிறதே என்கிற வெட்கம் எனக்கும் உண்டு, அதற்காகவும் சேர்த்து அழுதேன் என்று சொன்னால் அது பொய். எனக்காகத்தான் அழுதேன்.

பிறகு அந்த நாள் வந்தது. கானாவின் புள்ளிவிவரத் துறை தன் கணக்கைத் திருத்தி வெளியிட்டது. அதுவரை ரொம்பப் பழைய காலத்துக் கணக்கை அடிப்படையாக வைத்துக் கூட்டியிருக்கிறார்கள். இடைப்பட்ட வருஷங்களில் வளர்ந்த தொழில்கள் எல்லாம் அதில் சரியாகச் சேரவே இல்லை. புதிதாகக் கூட்டிப் பார்த்தால் நாட்டின் மொத்த வருமானம் ஏறக்குறைய அறுபது சதவீதம் அதிகம். ஒரே அறிவிப்பில் நடந்துவிட்டது. முந்தின நாள் ராத்திரி ஏழையாகப் படுத்தவர்கள் காலையில் நடுத்தர வர்க்கமாக எழுந்திருக்கிறார்கள். அவர்களுக்கே தெரிந்திருக்குமோ என்னமோ, எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுபடி மறுபடி வகுத்துப் பார்த்தேன். எப்படி வகுத்தாலும் கானா கோட்டுக்கு மேலே நின்றது. டோகோ இருந்த இடத்திலேயே இருந்தது. பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுத்துக் கானாவின் கட்டத்தில் வைத்தேன். திரையில் அந்தச் சின்னக் கட்டம் பச்சையானதும் எனக்கு வந்த சந்தோஷத்தை அடக்க முடியாமல் பாத்ரூமுக்குப் போய் நின்றேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பாத்ரூம்தான்.

எங்கள் பிரிவு மேலாளர் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பட்டியலைப் பார்த்தார்.

"நேத்து வரைக்கும் சிவப்பு. இன்னைக்குப் பச்சையா?"

"ஆமா சார்."

"நடுவுல என்னம்மா ஆச்சு? புதையல் கிதையல் கெடச்சுதா?"

"இல்ல சார். அங்க யாரு கையிலயும் ஒரு பைசா கூடல. கூட்டலை ஒழுங்காப் போட்டிருக்காங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சராசரின்னாலே அப்படித்தாம்மா. காலைல நானும் நம்ம முதலாளியும் ஒண்ணா லிஃப்ட்ல வந்தோம். லிஃப்ட்டுக்குள்ள எங்க சராசரி வருமானத்தைப் பார்த்தா நான் கோடீஸ்வரன். நாலாவது மாடில அவரு எறங்கிட்டாரு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்தேன். மாமியார் வாசலில் இல்லை, அது பட்டியல் நாள் இல்லையே. கொத்தனாரோடு மாடிப்படியில் நின்றார். கீழேயிருந்தே சொன்னேன்.

"அத்தை, கானா சாதாரணம் ஆயிடுச்சு."

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டார். கொழுந்தன் ஓடிவந்தான்.

"எப்படி அண்ணி? நல்லாத்தானே இருந்துச்சு?"

"முன்னேறிடுச்சுப்பா."

"யாரைக் கேட்டு?" என்றான் அவன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "அப்பீல் எதுவும் பண்ண முடியாதா அண்ணி? நீங்கதானே பட்டியல் போடுறீங்க, இந்த ஒரு வருஷம் கண்டுக்காம விட்டிருக்கலாம்ல?"

மாமியார் அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு போட்டார், அந்தத் தட்டை வைத்த சத்தத்தில் எல்லாம் சொல்லிவிட்டார். மறுநாள் பக்கத்து வீட்டு அம்மா துக்கம் விசாரிக்கிற குரலில், "கேள்விப்பட்டேன், மனசைத் தேத்திக்குங்க" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த வழியாகச் சிரித்த முகத்தோடு வேலைக்குப் போனேன். முகத்தை மாற்றிக்கொள்ள முயற்சி செய்தேன், முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கணவர் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்படியா" என்றார்.

"இனிமே குடும்பத்தோட இருக்கலாம்ங்க. நான் லீவு எழுதிக் குடுக்கட்டுமா?"

"இரு, இரு. இங்க கிடங்குல ஒரு வார்த்தை பேசிட்டுச் சொல்றேன்."

பேசிவிட்டுச் சொல்கிறேன் என்கிறவரிடம் அதற்கு மேல் என்ன கேட்பது. நான் கடைக்குப் போய்ப் பெரிய பெட்டியாக ஒன்று வாங்கினேன். கடைக்காரர் எவ்வளவு நாள் பயணம் என்று கேட்டார். நாள் கணக்கு இல்லை, குடித்தனம் போகிறேன் என்றேன். அவருக்கு எதற்கு அந்த விவரம். ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் கேட்க ஆளில்லை.

இரண்டு வாரம் கழித்து மேலாளர் என்னைக் கூப்பிட்டார். எப்போதும் நிற்க வைத்துப் பேசுகிறவர், உட்காரச் சொன்னார்.

"உன் வீட்டுக்காரர் உன்கிட்டச் சொன்னாரா?"

"என்ன சார்?"

"மாற்றல் கேட்டிருக்காரு. டோகோ கிடங்குக்கு. அங்க இருந்த மெக்கானிக் வேலையை விட்டுட்டாரு, அந்த எடம் காலி. குடுத்தாச்சு." அவர் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். அழுக்கு எதுவும் இல்லை. "டோகோ இன்னும் சிவப்புதானேம்மா?"

"சிவப்புதான் சார். நான்தான் போட்டேன்."

என் குரல் எனக்கே சாதாரணமாகத்தான் கேட்டது. எழுந்து என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். திரையில் பட்டியல் திறந்திருந்தது. கானா பச்சை, அதற்கு அடுத்த வரிசையில் டோகோ சிவப்பு. ஒரு கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டால் மறுபடி சிரமம் வந்துவிடும், பெண்டாட்டி வர முடியாது. அதே கடல், அதே வெயில், அதே பம்ப். என் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு சிக்கனமாக ஒதுக்கியதில்லை.

இந்தத் தடவை ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கு மத்தியானமே நான் போன் செய்தேன். கம்பெனி மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு பேசினேன்.

"மாற்றல் கேட்டீங்களாமே."

பின்னால் யாரோ மோட்டாரை ஓட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"மாடி பாதியில நிக்குதுல்ல" என்றார் கடைசியில்.

"மாடி யாருக்கு?"

"தம்பிக்கு."

"தம்பிக்கு மாடி. அம்மாவுக்குப் பெருமை. உங்களுக்குப் பாதிச் சம்பளம். எனக்கு?"

"ரெண்டு வருஷம் பொறுத்துக்கோ."

"காதுல பூ சுத்தாதீங்க. பணத்துக்காகத்தான்னா எங்கிட்டச் சொல்லிட்டுச் செஞ்சிருப்பீங்க. ஒளிச்சுச் செஞ்சிருக்கீங்க. அங்க யாராவது இருக்காங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல." உண்மையான பதற்றம் அது. ஐந்து வருஷத்தில் அவர் குரலில் நான் கேட்ட முதல் பதற்றம். பின்னால் இருந்த மோட்டார் சத்தம் தூரமாகியது, அவர் எங்கேயோ தள்ளிப் போகிறார் என்று தெரிந்தது. "சொன்னா சிரிக்கக் கூடாது."

"நான் சிரிக்கிற நெலமையில இல்ல."

"எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்கு?"

"உன்னோட இருக்கிறதுக்கு." சொல்லிவிட்டு வேகமாகப் பேசினார், நிறுத்தினால் முடியாது என்கிற மாதிரி. "லீவுல வந்தா எல்லாரும் என்னை நல்லாப் பாத்துக்கிறாங்க. கஷ்டப்படுறவன், கஷ்டப்படுறவன்னு கொண்டாடுறாங்க. நீயும் நான் சொல்றதெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்கிற. அந்த ஒரு மாசம் சமாளிச்சிருவேன். தெனமும் கூடவே இருந்தா எங்கிட்ட என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரிஞ்சிரும். நான் தனியாவே இருந்து பழகிட்டேன். சாயங்காலம் ஆனா எங்கிட்டப் பேச ஒண்ணும் இருக்காது. சிரமப் பணியிடம்னு ஒரு பேரு இருந்துச்சா, யாரும் மேல கேக்கல. நீங்க அதைப் பச்சையாக்கிட்டீங்க."

நீங்க என்றுவிட்டார். பதற்றத்தில் மறுபடி மரியாதை வந்துவிட்டது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வேறொருத்தி இருந்திருந்தால் கூடச் சண்டை போட ஓர் ஆள் கிடைத்திருக்கும். பயத்தோடு எப்படிச் சண்டை போடுவது. நான் மட்டும் என்ன, அவரோடு இருக்கிறது எப்படி என்று தெரிந்துகொண்டா பெட்டி வாங்கினேன். "வெச்சிடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்று மத்தியானம் முழுக்க எதையும் செய்யவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை, அலுவலகத்தில் எல்லோருக்கும் விஷயம் எட்டியிருந்தது.

அடுத்த வாரம் மேலாளர் கானா கிடங்குக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். மெக்கானிக்காக உள்ளூர் ஆளையே போட்டுக்கொள்வதாகவும், கணக்கும் சரக்கும் பார்க்க மட்டும் இங்கிருந்து ஒருவர் வேண்டும் என்றும் தலைமை சொல்லியிருந்தது. ஒருவரும் முன்வரவில்லை. மேற்கொண்டு காலணா இல்லாத ஊருக்கு எவன் போவான். "நேத்து வரைக்கும் அந்த எடத்துக்குச் சிபாரிசு புடிப்பாங்கம்மா. நாடு கொஞ்சம் நல்லா இருக்குன்னு தெரிஞ்சதும் ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டேங்கறான்" என்று அவர் என்னிடமே அலுத்துக்கொண்டார்.

"நான் போறேன் சார்" என்றேன்.

அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார்.

"யோசிச்சுச் சொல்றியா?"

"இல்ல சார். யோசிச்சா போக மாட்டேன்."

"உன் வீட்டுக்காரர் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பாரு. சிரமப் பணியிடத்துல குடும்பம் தங்கக் கூடாது. தெரியும்ல?"

"அங்க நான் தங்க மாட்டேன் சார். எனக்குத்தான் இந்தப் பக்கம் வீடு குடுப்பீங்களே. சாதாரணப் பணியிடத்துல இருக்கிற பணியாளரோட குடும்பம் கூட வந்து இருக்கலாம்னு விதியில இருக்கு. என் குடும்பம்னா அவருதான். வர்றதும் வராததும் அவரு இஷ்டம்."

மேலாளர் விதிப் புத்தகத்தை எடுத்து ஒரு தடவை புரட்டினார். இருந்தது. இப்படி ஒருத்தி வருவாள் என்று முதலாளிக்குத் தோன்றவே இல்லை போலும், தடுத்து ஒரு வரி இல்லை. அவர் சிரிக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட வழக்கத்தைவிட நல்ல பேனாவாகத் தேடி எடுத்தார்.

மாமியாரிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "அவனுக்கு அந்தப் பாதிச் சம்பளம் நிக்குமா?" என்றுதான். நிற்கும், அவர் டோகோவில் இருக்கிற வரைக்கும் நிற்கும் என்றேன். அவர் முகம் தெளிந்தது. கொழுந்தன் விரல் விட்டு எண்ணி, "அப்ப ரெண்டு பேருக்கும் அங்க சம்பளம். வீட்டுச் செலவும் கம்மி. நல்லதுதான் அண்ணி" என்றான். நான் போவதில் வீட்டுக்கு லாபம் என்று தெரிந்ததும் என்னை யாரும் தடுக்கவில்லை. அது கொஞ்சம் வலித்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பெட்டி கட்டும்போது மாமியார் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அவன் சின்னதுலயே அப்படித்தான். வீட்டுக்கு ஆளுங்க வந்தா கதவுக்குப் பின்னால போய் நின்னுக்குவான். நாமதான் போயி இழுத்துட்டு வரணும்" என்றார். பிறகு எழுந்து, நான் மடித்து வைத்த புடவையை எடுத்துத் திரும்ப அவர் பாணியில் மடித்து வைத்துவிட்டுப் போனார்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு கணவர் போன் செய்தார். என் மாற்றல் விவரம் அவருக்கு ஏற்கெனவே போயிருந்தது. அதன் பிறகு இரண்டு ஞாயிறு அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறுபடி ஏதாவது காரணம் சொல்லி நிறுத்தத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நிறுத்தினால் என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியாது.

"டிக்கெட் வந்துடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சு."

"உனக்குக் குடுத்திருக்கிற வீட்டைப் போய்ப் பாத்தேன். ஜன்னல் கொக்கி சரியா இல்ல. மாத்தி வெச்சிருக்கேன்."

"சரி."

"அப்புறம்." இழுத்தார். "ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

"நீ காலைல எந்திரிச்சதும் என்ன குடிப்ப? காபியா, டீயா? வாங்கி வெக்கணும். எனக்குத் தெரியல."

கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துக் கேட்கிற கேள்வியா இது என்று நுனிநாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். லீவில் அவர் வரும்போதெல்லாம் காலையில் காபி கலந்து அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். நான் குடிப்பதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"டீ" என்றேன்.



"எனக்கும் டீதான்" என்றார். "நீ காபி குடுத்தியா, உனக்கு அதுதான் புடிக்கும்போலன்னு குடிச்சுக்கிட்டிருந்தேன்."

"அஞ்சு வருஷமாவா?"

"அஞ்சு வருஷமா."